பாங்காக்கிற்கு முதல் பயணமா? தேடி வரும் 'உதவி'யிடம் எச்சரிக்கை தேவை!

வெளிநாட்டுப் பயணத்தை முதன்முறையாகத் திட்டமிடும் இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் பட்டியலில் தாய்லாந்தின் தலைநகரான பாங்காக் முன்னிலையில் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேர விமானப் பயணம். இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் மட்டுமே முந்திய கடிகாரம். சாலையின் இடப்புறம் ஓடும் வாகனங்கள், கைகூப்பி வரவேற்கும் மக்கள் என இந்தியர்களுக்கு அந்நியமாகத் தோன்றாத நகரம் அது.

அந்தப் பழகிய உணர்வே சில நேரங்களில் முதல் பயணிகளைக் கவனக்குறைவுக்கும் உள்ளாக்குகிறது. பாங்காக்கில் சுற்றுலாப் பயணிகள் வழிப்பறிக்கு ஆளாவதைவிட, இனிமையாகப் பேசி ஏமாற்றப்படுவதே அதிகம். வாடகை வாகனத்தில் கூடுதல் கட்டணம் கொடுத்தவர், போலி ரத்தினக் கற்களை வாங்கியவர், வேலை என்று நம்பிச் சென்று எல்லைக்கு அப்பால் சிக்கியவர் ஆகியோரின் அனுபவங்களில் ஒரு பொதுவான அம்சம் உண்டு. அவர்கள் தேடிப் போகாத 'உதவி' அவர்களைத் தேடி வந்திருக்கும். 'நாமாகத் தேர்ந்தெடுத்துச் செல்வதை நம்பலாம். தானாக வந்து அழைப்பதை மறுக்கலாம்' என்ற ஒரே விதியை மனதில் கொண்டால் பயணத்தின் பெரும்பாலான இடர்களைத் தவிர்த்துவிடலாம்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

இந்தியர்களுக்கான விசா விதிகளைத் தாய்லாந்து அண்மைக் காலத்தில் பலமுறை மாற்றியுள்ளது. முன்பு விமான நிலையத்தில் கட்டணம் செலுத்தி விசா பெற வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் 30 நாட்களுக்கு விசா இல்லாமல் தங்க அனுமதி வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அது 60 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. விதிகள் மீண்டும் மாறக்கூடும் என்பதால், விமானச் சீட்டை முன்பதிவு செய்யும் முன்பும், புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பும், தாய்லாந்து தூதரகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நடைமுறையில் உள்ள விதியைச் சரிபார்த்துக் கொள்வது அவசியம். சென்ற ஆண்டு போய்வந்த நண்பரின் தகவலை மட்டும் நம்பிக் கிளம்புவது சரியல்ல.

விசா தேவையில்லை என்றாலும் மின்னணு வருகை அட்டை கட்டாயம். 2025ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்த அட்டையை, தாய்லாந்தைச் சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையவழியில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. ஆனால், இணையத்தில் தேடும்போது அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்களும் கண்ணில் படுகின்றன. தாய்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தில் மட்டுமே விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கேட்டாலே அது அரசின் தளம் அல்ல என்று முடிவு செய்துவிடலாம்.

கடவுச்சீட்டு, பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். திரும்பி வருவதற்கான விமானச் சீட்டு, தங்கும் விடுதி முன்பதிவு, செலவுக்கான பணம் ஆகியவற்றுக்குக் குடிவரவு அதிகாரிகள் சான்று கேட்கலாம். இவற்றைக் கைப்பேசியில் மட்டுமின்றித் தாளிலும் அச்சிட்டு வைத்திருப்பது நல்லது. விடுதியின் பெயரையும் முகவரியையும் தாய் மொழி எழுத்துகளில் சேமித்து வைத்துக்கொண்டால் ஓட்டுநர்களிடம் காட்ட உதவும்.

மருத்துவச் செலவையும் உள்ளடக்கிய பயணக் காப்பீட்டைத் தவிர்க்கக் கூடாது. உரிய ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டி விபத்து நேரிட்டால், காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த விமான நிலையம்?

பாங்காக்கில் இரண்டு பன்னாட்டு விமான நிலையங்கள் உள்ளன. 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுவர்ணபூமி நகரின் கிழக்கே உள்ளது. அதைவிடப் பழைமையான டான் முவாங் வடக்கே உள்ளது. குறைந்த கட்டண விமானங்கள் பல டான் முவாங்கைப் பயன்படுத்துகின்றன. ஒரு நிலையத்தில் இறங்கி மற்றொன்றில் இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள், நகரின் போக்குவரத்து நெரிசலைக் கருத்தில் கொண்டு பல மணி நேர இடைவெளி விட வேண்டும். திரும்பும் விமானம் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் சீட்டில் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

சுவர்ணபூமியிலிருந்து நகருக்குள் செல்ல எளிய வழி விமான நிலைய ரயில். நிலையத்தின் அடித்தளத்திலிருந்து புறப்படும் இந்த ரயில், சுமார் அரை மணி நேரத்தில் பயா தாய் நிலையத்தைச் சென்றடைகிறது. கடைசி நிலையம் வரையிலான கட்டணம் 45 பாட். பயா தாயில் மேம்பால ரயிலுக்கும், வழியில் உள்ள மக்கசான் நிலையத்தில் சுரங்க ரயிலுக்கும் மாறிக்கொள்ளலாம். நள்ளிரவுக்குப் பிறகு இந்தச் சேவை இல்லை என்பதால், இரவு நேர விமானத்தில் வருபவர்களுக்கு டாக்சியே வழி.

டாக்சி தேவைப்படுவோர் தரைத்தளத்தில் உள்ள அதிகாரப்பூர்வ டாக்சி வரிசைக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள இயந்திரம் தரும் சீட்டில் வாகனம் நிற்கும் இடத்தின் எண் இருக்கும். பயணம் முடியும் வரை அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதனுடன் விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும், விரைவுச் சாலையில் சென்றால் சுங்கக் கட்டணமும் சேரும். வருகைக் கூடத்தில் 'டாக்சி வேண்டுமா?' என்று கேட்டபடி அருகில் வருபவர்களுடன் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

பணப் பரிமாற்றம்

தாய்லாந்தின் நாணயம் பாட். விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு வேண்டிய அளவு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகருக்குள் உள்ள உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையங்களில் மாற்றுவது பெரும்பாலும் இலாபகரமானது. இந்திய அட்டையைப் பயன்படுத்தி ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால், ஒவ்வொரு முறையும் உள்ளூர் வங்கி 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கிறது. எனவே சிறு சிறு தொகையாகப் பலமுறை எடுப்பதைவிட, தேவையான தொகையை ஒரே முறையில் எடுப்பது சிக்கனம்.

ஏ.டி.எம். திரையிலோ கடையின் அட்டை இயந்திரத்திலோ 'ரூபாயில் கணக்கிடவா, பாட்டில் கணக்கிடவா?' என்ற கேள்வி வந்தால், பாட் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், பரிமாற்ற விகிதத்தை அந்த இயந்திரத்தின் உரிமையாளர் தரப்பே நிர்ணயிக்கும். அது பெரும்பாலும் பயணிக்குப் பாதகமாகவே அமையும்.

நகருக்குள் எப்படிச் செல்வது?

பாங்காக்கின் சாலை நெரிசல் பெயர் பெற்றது. காலையிலும் மாலையிலும் சில கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். 1999ஆம் ஆண்டு தொடங்கிய பி.டி.எஸ். மேம்பால ரயிலும், 2004ஆம் ஆண்டு தொடங்கிய எம்.ஆர்.டி. சுரங்க ரயிலும் இதற்கு மாற்றாக விளங்குகின்றன. இவை தனித்தனி நிர்வாகத்தின் கீழ் தொடங்கப்பட்டவை என்பதால், ஒன்றுக்கு வாங்கிய பயணச்சீட்டு மற்றொன்றில் செல்லும் என்று கருதிவிடக் கூடாது. தங்கும் விடுதியைத் தேர்வு செய்யும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், ரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறதா என்பதையும் பார்ப்பது நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

மூன்றாவது வழி, நகரின் நடுவே ஓடும் சாவோ பிரயா ஆறு. பி.டி.எஸ். ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே சாத்தோர்ன் படகுத்துறை உள்ளது. அங்கிருந்து ஆரஞ்சு நிறக் கொடி கட்டிய படகில் ஏறினால், மிகக் குறைந்த கட்டணத்தில் பழைய நகரை அடையலாம். உள்ளூர் மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் படகு இது. சுற்றுலாப் பயணிகளுக்கென இயக்கப்படும் நீலக் கொடிப் படகின் கட்டணம் இதைவிட அதிகம்.

துக் துக் எனப்படும் மூன்று சக்கர வாகனத்தில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடிவு செய்ய வேண்டும். குறைந்த கட்டணத்தில் நகரம் முழுவதும் சுற்றிக் காட்டுவதாக ஓட்டுநர் சொன்னால், அதன் பின்னணியைப் புரிந்துகொள்வது அவசியம்.

அரண்மனை வாசலில் ஒரு பொய்

சக்ரி வம்சத்தின் முதல் மன்னர் 1782ஆம் ஆண்டு பாங்காக்கைத் தலைநகராக்கியபோது கட்டத் தொடங்கிய அரச மாளிகை, முதல் பயணிகள் தவறவிடாத இடம். மரகத புத்தர் கோயில் இதன் வளாகத்திலேயே உள்ளது. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 500 பாட். வழக்கமாகக் காலை 8.30 மணிக்குத் திறக்கப்படும் மாளிகையில் பிற்பகல் 3.30 மணிக்கு நுழைவுச்சீட்டு விற்பனை முடிந்துவிடும்.

இந்த மாளிகையைச் சுற்றியுள்ள தெருக்களில் பல ஆண்டுகளாக ஒரே மோசடி மாறாமல் நடக்கிறது. நல்ல உடை அணிந்த ஒருவர் சிரித்த முகத்துடன் நெருங்கி, 'எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?' என்று கேட்பார். பிறகு, இன்று பூஜைக்காக மாளிகை மூடப்பட்டிருக்கிறது, பிற்பகலில்தான் திறக்கும் என்பார். அதற்குள் வேறு சில கோயில்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி, மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு துக் துக்கை ஏற்பாடு செய்வார்.

அந்த வாகனம் ஒன்றிரண்டு கோயில்களுக்குப் பிறகு ரத்தினக் கற்கள் விற்கும் கடையிலோ தையற்கடையிலோ போய் நிற்கும். பயணியைக் கடைக்கு அழைத்து வருவதற்கே ஓட்டுநருக்குத் தரகு கிடைப்பதால்தான் கட்டணம் அவ்வளவு குறைவு. 'இன்று மட்டும் அரசு வரிச்சலுகை. இந்தக் கற்களை உங்கள் ஊரில் இரு மடங்கு விலைக்கு விற்கலாம்' என்பது கடையில் சொல்லப்படும் கதை. ஊர் திரும்பி மதிப்பிட்டுப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

இதிலிருந்து தப்புவது எளிது. மாளிகை திறந்திருக்கிறதா என்பதை முந்தைய நாளே அதன் அதிகாரப்பூர்வ தளத்தில் பார்த்துவிட்டு, யார் என்ன சொன்னாலும் நுழைவாயில் வரை நேராக நடந்து செல்ல வேண்டும். அரச சடங்குகளுக்காக மாளிகை மூடப்படும் நாட்களும் உண்டு. அதை நுழைவாயிலில் உள்ள அறிவிப்பில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் நிற்பவரிடமிருந்து அல்ல.

வழிபாட்டுத் தலங்களில் மரியாதை

அரச மாளிகையிலும் கோயில்களிலும் தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்திருக்க வேண்டும். ஆண்களுக்கும் அரைக்கால் சட்டையுடன் அனுமதி இல்லை. புத்தர் சன்னதியில் அமரும்போது பாதங்கள் சிலையை நோக்கி நீளாமல் மடித்து அமர்வது வழக்கம். துறவிகளைப் பெண்கள் தொடுவதோ, கையில் நேரடியாகப் பொருள் கொடுப்பதோ கூடாது. ஒருவரின் தலையைத் தொடுவது, குழந்தையாக இருந்தாலும், மரியாதைக் குறைவாகக் கருதப்படும். சுமார் 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தர் இருக்கும் வாட் போ கோயிலும், ஆற்றின் மறுகரையில் உள்ள வாட் அருண் கோயிலும் மாளிகைக்கு அருகிலேயே இருப்பதால் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

தமிழர்களுக்கு நெருக்கமான இரண்டு இடங்களும் இந்நகரில் உள்ளன. சீலோம் சாலையில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 19ஆம் நூற்றாண்டில் இங்குக் குடியேறிய தமிழர்களால் எழுப்பப்பட்டது. தாய்லாந்து மக்களும் திரளாக வந்து வழிபடும் இக்கோயிலின் நவராத்திரி விழா சிறப்பு வாய்ந்தது. பழைய நகரில் ஓங்கி நிற்கும் சிவப்பு நிற மாபெரும் ஊஞ்சல் 1784ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. திருவெம்பாவையுடன் தொடர்புடைய 'திரியம்பாவாய்' சடங்கின் ஒரு பகுதியாக இதில் ஊஞ்சலாடும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கம் 1935ஆம் ஆண்டில் நின்றுவிட்டாலும், அருகில் உள்ள தேவஸ்தானத்தில் சடங்கு தொடர்கிறது.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். காய்கறி மட்டும் போட்டுச் செய்த உணவாகத் தோன்றினாலும், அதில் மீன் சாறோ இறால் விழுதோ சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சித் துண்டுகளை மட்டும் தவிர்த்துவிட்டு, மீன் சாறு ஊற்றிய உணவே வரக்கூடும்.

'ஜே' என்பது இங்குள்ள கடுமையான சைவ முறையைக் குறிக்கும் சொல். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றுடன் பூண்டு, வெங்காயமும் அதில் விலக்கப்படும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு நிற எழுத்து கொண்ட கொடி தொங்கும் கடைகளில் இவ்வகை உணவு கிடைக்கும். ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டி வரும் சைவ விழாவின்போது இக்கொடிகளை நகரெங்கும் காணலாம். இந்திய உணவு விரும்புவோருக்கு சீலோம், சுகும்வித், இந்திய வணிகர்கள் நிறைந்த பஹுராத் ஆகிய பகுதிகளில் உணவகங்கள் உள்ளன. குடிப்பதற்கு அடைக்கப்பட்ட குடிநீரைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

அறியாமையை ஏற்காத சட்டங்கள்

தாய்லாந்தில் அரச குடும்பத்தை அவமதிப்பது கடுமையான குற்றம். குற்றவியல் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். சமூக ஊடகப் பதிவுகளுக்கும் இது பொருந்தும் என்பதால் விளையாட்டாகக்கூட இவ்விஷயத்தில் கருத்திடுவதைத் தவிர்க்க வேண்டும். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மக்கள் அசையாமல் நிற்பார்கள். பயணிகளும் அவ்வாறே நிற்பது பண்பு.

மின் சிகரெட்டுகளை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உள்ளது. புத்தர் சிலைகளை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல நுண்கலைத் துறையின் அனுமதி தேவைப்படும்.

கஞ்சா விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2022ஆம் ஆண்டு தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட கஞ்சாவுக்கு, 2025ஆம் ஆண்டு மீண்டும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, மருத்துவரின் பரிந்துரை கட்டாயமாக்கப்பட்டது. கடை வாசலில் வெளிப்படையாக விற்கப்படுகிறது என்பதற்காக அதை இந்தியாவுக்குக் கொண்டுவருவது வாழ்க்கையையே பறிக்கக்கூடிய தவறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, அளவைப் பொறுத்து 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். சென்னை, மும்பை, பெங்களூரு விமான நிலையங்களில், பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பைகளில் உயர்ரக கஞ்சா பறிமுதல் செய்யப்படுவது அடிக்கடி செய்தியாகிறது. 'என் பையில் எடை கூடிவிட்டது, இந்தப் பொட்டலத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்' என்று யார் கேட்டாலும், ஒரே பதில் மறுப்புதான். பையைச் சுமந்து வருபவரே சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலை என்ற பெயரில் விரிக்கப்படும் வலை

பாங்காக் செல்லும் அனைவரும் சுற்றுலாவுக்காகச் செல்வதில்லை. சமூக ஊடகத்தில் வந்த வேலைவாய்ப்பு விளம்பரத்தை நம்பி, முதன்முறையாக விமானம் ஏறும் இளைஞர்களும் அவர்களில் உண்டு. கணினி வேலை, நல்ல சம்பளம், இலவச விமானச் சீட்டு என்று ஆசை காட்டப்படும். 'இப்போதைக்குச் சுற்றுலாப் பயணியாக வாருங்கள், பணி அனுமதி பிறகு கிடைத்துவிடும்' என்பார்கள். விமான நிலையத்தில் காத்திருக்கும் வாகனம் நகருக்குள் செல்லாமல், மியான்மர் எல்லையில் உள்ள மே சோட்டை நோக்கிப் பல மணி நேரம் ஓடும். ஆற்றைக் கடந்தால் மியாவாடி. அங்குள்ள இணையவழி மோசடிக் கூடங்களில் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையில் ஈடுபடுத்தப்படுவார்கள்.

இத்தகைய கும்பல்கள் குறித்து இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022ஆம் ஆண்டு முதலே எச்சரித்து வருகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச் 10, 11 ஆகிய இரு நாட்களில் மட்டும் 549 இந்தியர்கள் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் தாயகம் அழைத்து வரப்பட்டனர்.

சுற்றுலாவுக்கான விசா விலக்கில் நுழைந்து தாய்லாந்தில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். 'முதலில் வாருங்கள், அனுமதி பிறகு' என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதுவே பயணத்தை நிறுத்திக்கொள்ளப் போதுமான காரணம். ஆள் சேர்க்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். நிறுவனம் உண்மையில் இயங்குகிறதா என்ற சந்தேகம் இருந்தால் பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம்.

ஆபத்து நேரத்தில் யாரை அழைப்பது?

சுற்றுலாப் பயணிகளுக்கான காவல்துறையின் எண் 1155. இதில் ஆங்கிலத்தில் பேசலாம். பொதுக் காவல்துறையை 191 என்ற எண்ணிலும், மருத்துவ அவசர ஊர்தியை 1669 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இந்தியத் தூதரகம் சுகும்வித் சாலையின் 23ஆவது கிளைத் தெருவில் உள்ளது. கடவுச்சீட்டு தொலைந்தால், முதலில் காவல் நிலையத்தில் புகார் அளித்து அதன் நகலுடன் தூதரகத்தை அணுக வேண்டும். கடவுச்சீட்டின் நகலைத் தனியாக வைத்திருந்தால் மாற்று ஆவணம் பெறும் பணி எளிதாகும். வாடகை வாகனத்துக்கோ வேறு எதற்குமோ கடவுச்சீட்டை ஈடாகக் கொடுக்கக் கூடாது.

எப்போது செல்லலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெப்பம் சற்றுக் குறைந்து பயணத்துக்கு ஏற்றதாக இருக்கும். ஆனால் கூட்டமும் விடுதிக் கட்டணமும் அப்போதுதான் அதிகம். ஏப்ரலில் வெயில் உச்சத்தில் இருக்கும். அம்மாதம் 13 முதல் 15 வரை, தாய்லாந்தின் புத்தாண்டான சொங்க்ரானை ஒட்டித் தெருவெங்கும் ஒருவர் மீது ஒருவர் நீர் ஊற்றி மகிழ்வார்கள். அந்நாட்களில் செல்பவர்கள் கைப்பேசியையும் ஆவணங்களையும் நீர் புகாத உறையில் வைத்துக்கொள்ள வேண்டும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நாள் முழுவதும் பெய்வதைவிட மாலையில் சில மணி நேரம் கொட்டித் தீர்ப்பதே வழக்கம் என்பதால், காலையில் வெளியிடங்களையும் மாலையில் அருங்காட்சியகம், வணிக வளாகம் போன்றவற்றையும் பார்க்கும்படி திட்டமிடலாம்.

இத்தனை எச்சரிக்கைகளைப் படித்த பிறகு, அந்த நகரத்து மக்கள் அனைவர் மீதும் சந்தேகம் கொள்ளத் தேவையில்லை. படகுத்துறையில் வழி கேட்டால் நின்று சொல்பவர்களும், தவறவிட்ட பையை விடுதிக்கே கொண்டுவந்து தருபவர்களும் அங்கு உண்டு. உதவி தேவைப்பட்டால் யாரிடம் கேட்பது என்பதைப் பயணியே முடிவு செய்யட்டும். கடைக்காரரிடமோ, ரயில் நிலைய ஊழியரிடமோ, காவலரிடமோ சென்று கேட்கலாம். கேட்காமலே வந்து நிற்பவரிடம், தாய் மொழியில் 'மை ஆவ்' என்று சொல்லலாம். 'வேண்டாம்' என்பது அதன் பொருள். புன்னகையுடன் அதைச் சொல்லிவிட்டு, தொடர்ந்து நடந்தால் போதும்.